கெளிற்று மீன்களின் பெயர்க்காரணம்

நுழையும் முன்

பெயர்ச்சொல்லை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் இலக்கண நூலார் பகுப்பர். மண், மரம் முதலியன காரணம் கருதாமல் முன்னோர் இட்டு வழங்கியவை. பறவை, நாற்காலி முதலியன காரணம் பற்றி வந்தவை. உயிரினங்களுக்கு அறிவியலார் சூட்டியுள்ள நீண்ட பெயர்களை முதன்முதலாகக் கேட்பவர்க்கு அவை யாவும் இடுகுறிகளாகவே தோன்றும். அவற்றுள் மறைந்திருக்கும் காரணங்களை, மீசையுடைய மீன்குலம் ஒன்றைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

சந்தையில் ஒரு மீன்

தில்லி மாநகரின் சித்தரஞ்சன் பூங்காப் பகுதியில் வங்காள மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். அங்குள்ள மீன்சந்தைக்கு விடுமுறை நாள்களில் தமிழ்க் குடும்பங்களும் செல்வதுண்டு. நீர் நிரப்பிய தொட்டிகளில் கரிய நிறத்தில், ஒரு சாண் நீளத்தில், செதில் சிறிதும் இன்றி, வாயைச் சுற்றி எட்டு மீசை இழைகளுடன் நெளியும் மீன் ஒன்றை அங்குக் காணலாம். விற்பவர் அதனைச் ‘சிங்கி’ என்பார். நோயிலிருந்து மீள்பவர்க்குச் சிங்கி மீன் குழம்பு வைத்துக் கொடுப்பது வங்காளத்து வழக்கம்.

அதே மீன் காவிரிப் பாசனப் பகுதியின் வயல்களிலும் குளங்களிலும் வாழ்கிறது. தமிழில் அதன் பெயர் தேளி. அறிவியல் நூல்களில் அது ஹெட்டெரோப்நியூஸ்டெஸ் ஃபாசிலிஸ். ஒரே மீனுக்கு இம்மூன்று பெயர்களும் எவ்வாறு வந்தன?

இம்மீனின் மார்புத் துடுப்புகளின் முன்விளிம்பில் கூரிய முள் உண்டு. முள்ளோடு நஞ்சும் சேர்ந்திருத்தலால் குத்துப்பட்ட கை தேள் கொட்டியதுபோல் கடுக்கும். சேற்றில் கைவிட்டு மீன் பிடித்தவர்கள் அந்த வலியை அறிந்தவர்கள். தேள் போன்று கொட்டுவது தேளி ஆயிற்று. வங்காளத்தார் வலியைச் சொல்லாமல் முள்ளின் தோற்றத்தைச் சொன்னார்கள். ‘சிங்’ என்பது வடமொழிகளில் கொம்பைக் குறிக்கும், கொம்புடையது சிங்கி. ஆக, தேளி, சிங்கி ஆகிய இரண்டுமே காரணப்பெயர்கள்.

ஃபாசிலிஸ் என்பது இலத்தீன் சொல். ‘தோண்டி எடுக்கப்பட்டது’ என்பது அதன் பொருள். பாறைகளில் கிடைக்கும் தொல்லுயிர் எச்சத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இவ்வேரிலிருந்தே பிறந்தது. அதனால் இம்மீன் தொன்மையானது என்று கருதிவிடலாகாது. கோடையில் குளம் வற்றும்போது தேளி ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். அதனைத் தோண்டித்தான் எடுக்கவேண்டும். இப்பெயரை 1794-ஆம் ஆண்டில் இட்டவர் பெர்லின் நகரத்து மருத்துவர் மார்க்கஸ் எலீசர் பிளாக். அவர் இந்தியாவைக் கண்டதில்லை. அவர் கையிலிருந்த மீன், சோழநாட்டுக் கடற்கரையில் டேனியர் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியிலிருந்து சென்றது. அவ்வூரில் சமயப்பணி ஆற்றிய கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்பவர் தமிழகத்து மீன்களைச் சேகரித்துப் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். நன்றிக்கடனாகப் பிளாக் ஒரு கடல்மீனுக்கு ‘ஜானியை’ என்று பெயரிட்டார். தேளியின் பெயரிலோ அதனைச் சேற்றிலிருந்து தோண்டியவரின் பெயர் இல்லை. தோண்டிய செயல் மட்டும் இருக்கிறது.

பெயரின் முற்பகுதி 1840-இல் சேர்ந்தது. பெர்லின் உடற்கூற்றியல் அறிஞர் யோஹானஸ் முல்லர் இம்மீனின் உடலுள் செவுள் அறையிலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு குழாய் போன்ற காற்றுப்பைகளைக் கருத்தில் கொண்டார். நீரில் உயிர்வளி குறைந்தால் தேளி மேலே வந்து காற்றை விழுங்கி அப்பைகளில் நிரப்பிக்கொள்ளும். தொட்டியில் நெடுநேரம் உயிரோடு கிடப்பதும் அதனால்தான். ‘ஹெட்டெரோஸ்’ என்றால் வேறு. ‘ப்நியூஸ்டெஸ்’ என்றால் மூச்சு விடுவது. இரண்டும் கிரேக்கச் சொற்கள். வேறு வகையில் மூச்சு விடும், தோண்டி எடுக்கப்படும் மீன் என்பது முழுப்பெயரின் பொருள். வலியை ஒருவர் கண்டார். கொம்பை ஒருவர் கண்டார். சேற்றை ஒருவரும் மூச்சை ஒருவரும் கண்டனர்.

முன்னெழுத்தும் பெயரும்

மீசை இழைகளும் செதிலற்ற உடலும் உடைய இம்மீன்களைத் தமிழர் கெளிறு, கெளுத்தி என்பர். மீசையைக் கண்ட ஆங்கிலேயர் பூனைமீன் என்றனர். உலகெங்கும் 4,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இக்குலத்தில் உள்ளன. ஊர்தோறும் பெயர் மாறினால் ஓர் ஊர் அறிஞர் எழுதுவதை இன்னோர் ஊரார் அறிய இயலாது. இதற்கு ஒரு வழி வகுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் கரோலஸ் லின்னேயஸ். ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்களால் ஆன பெயர் போதும் என்றார் அவர். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். விலங்குகளுக்கு இம்முறையை முழுமையாகக் கையாண்ட அவரது நூலின் பத்தாம் பதிப்பு 1758-இல் வெளிவந்தது. விலங்குகளின் அறிவியற்பெயர்கள் அவ்வாண்டிலிருந்தே கணக்கில் கொள்ளப்படுகின்றன.

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று எனலாம். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுவது தமிழ்நாட்டு வழக்கம். வடமாநிலப் படிவங்களில் ‘குடும்பப்பெயர்’ என்னும் கட்டத்திற்கு முன்னால் தயங்கி நின்ற தமிழ்க் குடும்பங்கள் பல. அறிவியற்பெயரிலும் உறவினர் அனைவர்க்கும் பொதுவானது முன்னே வரும். தனக்கே உரியது பின்னே வரும். அதுமட்டுமன்று. ஒரு கட்டுரையில் பேரினப் பெயரை ஒருமுறை முழுமையாக எழுதிவிட்டால் அடுத்தடுத்த இடங்களில் முதலெழுத்து போதும், ஹெ. ஃபாசிலிஸ் என்று சுருக்கி எழுதலாம்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரே உயிருக்கு இருவர் பெயரிட்டிருந்தால் முதலில் அச்சேறிய பெயரே நிற்கும். தேளிக்கு வங்காளச் சொல்லைக் கொண்டே ‘சிங்கியோ’ என்று 1822-இல் ஒருவர் பெயரிட்டார். ஆயினும் பிளாக் 28 ஆண்டுகள் முந்திவிட்டமையால் அப்பெயர் நிலைக்கவில்லை. முதலில் அழைத்தவர் யார் என்று இவ்விதி கேட்பதில்லை. முதலில் அச்சிட்டவர் யார் என்றே கேட்கும்.

ஆற்றுவாளை

குறுந்தொகை முதலிய சங்க நூல்களில் வாளை மீன் இடம்பெறுகிறது. ஆறுகளிலும் பெரிய ஏரிகளிலும் வாழும் வாளை, அகன்ற வாயும் நீண்டு தட்டையான உடலும் கொண்ட ஒரு கெளிற்று மீன். கடலில் பிடிபடும், நாடா போன்ற வாளை வேறு; அது இக்குலத்தைச் சார்ந்ததன்று. ஆற்றில் வாழும் வாளையின் அறிவியற்பெயர் வல்லாகோ அட்டு.

இப்பெயரை உரோமன் எழுத்தில் மட்டும் படிப்பவர்க்கு அதில் ஒன்றும் தெரியாது. சற்று நிறுத்திப் படித்தால் தெலுங்கும் மலையாளமும் கேட்கும். தெலுங்கர் இம்மீனை ‘வாலுக’ என்பர். விசாகப்பட்டினத்து மீன்களை ஆராய்ந்து 1803-இல் நூல் வெளியிட்ட பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர் அச்சொல்லைக் கேட்டவாறு ‘வல்லாகூ’ என்று எழுதினார். பின்னர், பத்தேவியாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் பீட்டர் பிளீக்கர் 1851-இல் அதனையே பேரினப் பெயராக்கினார். ‘அட்டு’ என்பது அதற்கும் முந்தியது. பிளாக் இறந்தபின் அவருடைய நூலை முடித்து 1801-இல் வெளியிட்ட ஷ்னைடர் காலத்தது. அப்பெயருக்குரிய மீன் கிடைத்த இடம் மலபார் என்று குறிக்கப்பட்டுள்ளது. மலையாள மொழியில் இன்றும் இம்மீன் ‘ஆற்றுவாளை’தான். தமிழில் ‘ஆற்று’ என்று எழுதி ஒலிப்பதை மலையாளிகள் ‘ஆட்டு’ என்பது போல ஒலிப்பர். உரோமன் எழுத்தில் நெடிலுக்குக் குறி இடாமையால் ஆகாரம் அகரமாகக் குறுகியது. வாளை போய், ஆறு மட்டும் நின்றது.

உயிரியல் வகுப்பில் உலகின் எந்நாட்டு மாணவன் இம்மீனைக் குறித்தாலும் அவன் அறியாமலே தெலுங்குச் சொல் ஒன்றையும், தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்ளும் சொல் ஒன்றையும் உச்சரிக்கிறான்.

கெளுத்தியும் இவ்வாறே இடம்பெற்றுள்ளது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் சிறு கெளுத்தி ஒன்றுக்குப் பாரிஸ் நகரத்து அறிஞர் வலன்சியன் 1840-இல் இட்ட சிற்றினப் பெயர் ‘கெலெட்டியஸ்’. ளகரம் இலத்தீனில் இல்லை, லகரமாயிற்று. இறுதியில் ‘யஸ்’ என்னும் இலத்தீன் விகுதி சேர்ந்தது. விகுதியை நீக்கிப் பார்த்தால் நடுவில் கெளுத்தி நீந்துகிறது.

கங்கைக் கரையில் கேட்ட பெயர்கள்

தேளிக்குச் ‘சிங்கியோ’ என்று பெயரிட்டவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். புக்கானன் என்னும் பெயராலும் அறியப்படுபவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் வங்காளத்தில் பல்லாண்டு இருந்தார். கங்கையிலும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1822-இல் வெளிவந்தது. கிரேக்க அகராதியைப் புரட்டிப் பெயர் தேடுவதை அவர் பெரும்பாலும் விரும்பவில்லை. கரையில் மீனவர் சொன்ன பெயரையே சிற்றினப் பெயராக எழுதிவைத்தார். டெங்ரா என்றார்கள், அது ‘டெங்காரா’ ஆயிற்று. பாப்தா என்றார்கள், அது ‘பாப்டா’. ரீட்டா, சாக்கா ஆகிய இரண்டும் பின்னாளில் பேரினப் பெயர்களாகவும் உயர்ந்தன. அதனால் ரீட்டா ரீட்டா என்றும் சாக்கா சாக்கா என்றும் அடுக்குத்தொடர் போன்ற பெயர்கள் அமைந்துவிட்டன. இன்றும் கொல்கத்தாவில் மீன் விற்பவர் கூவும் பெயர்களில் பாதியை ஹாமில்டன் நூலில் காணலாம்.

தக்காணத்திலும் ஒருவர் அவ்வாறு செய்தார். புனே நகரில் முளா, முட்டா ஆறுகளில் கிடைத்த பெரிய கெளிற்று மீனுக்குச் சைக்ஸ் என்னும் படை அலுவலர் 1839-இல் ‘சீங்காலா’ என்று பெயரிட்டார். மராத்தியில் அது ‘சிங்காளா’. வட இந்தியச் சந்தைகளில் ‘சிங்காரா’ என்று விற்கப்படுவதும் இம்மீனே. சிங்கியில் கண்ட கொம்பு இங்கும் இருக்கிறது.

ஹாமில்டன் எழுதிய பெயர்களுள் நெடும்பயணம் சென்றது ‘பங்காசியஸ்’. வங்காளத்தில் ‘பாங்காஸ்’ என வழங்கும் மீனுக்கு அவர் இட்ட பெயர் அது. பின்னர் பேரினப் பெயராயிற்று. மேக்காங் ஆற்றில் வாழும் மிகப்பெரிய கெளிறு ஒன்றைப் பிரெஞ்சு அறிஞர் ஷெவே 1931-இல் விவரித்தபோது அது பங்காசியஸை ஒத்திருந்தும் வளர்ந்த மீனுக்குப் பற்கள் இல்லாதிருந்தன. எனவே ‘பற்களில்லாத பங்காசியஸ்’ என்னும் பொருளில் ‘பங்காசியனோடன்’ என்றார். சிற்றினப் பெயர் ‘கிகாஸ்’. கிரேக்கத்தில் அரக்கன் என்று பொருள். 2005-இல் தாய்லாந்தில் பிடிபட்ட அத்தகைய மீன் ஒன்று 293 கிலோ எடை இருந்தது. அதன் உறவுமீன் ஒன்று, கண்கள் தாழ்ந்து அமைந்தமையால் ‘கண் கீழுள்ளது’ என்னும் பொருளில் ‘ஹைப்போஃப்தால்மஸ்’ எனப்படுகிறது. நகரத்து உணவகங்களில் ‘பாசா’ என்று பரிமாறப்படும் முள்ளற்ற வெண்துண்டு பெரும்பாலும் அம்மீனே. வங்காள மீனவர் வாய்ச்சொல் வியட்நாமின் பண்ணைகள் வழியாக மீண்டும் இந்தியத் தட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மாகுர் வழக்கு

பெயர் தவறினால் என்ன கேடு? மாகுர் மீனின் கதை இதற்கு விடை கூறும்.

மாகுரும் காற்றை விழுங்கி உயிர்வாழ வல்லது. மழைக்காலத்தில் ஈரத்தரையில் துடுப்பை ஊன்றி ஊர்ந்து அடுத்த குளத்துக்குச் செல்லும். ஹாமில்டன் 1822-இல் அதற்கு ‘மாகுர்’ என்றே பெயரிட்டார். ஆனால் லின்னேயஸ் 1758-இலேயே இத்தகைய மீன் ஒன்றுக்குத் தவளை என்னும் பொருளில் ‘பட்ராகஸ்’ என்று பெயரிட்டிருந்தார். இரண்டும் ஒன்றே என்று கருதிய நூலார் முதற்பெயர் விதிப்படி மாகுரைத் தள்ளிவிட்டனர். இந்தியப் பாடநூல்கள் பலவற்றில் நெடுங்காலம் கிளாரியஸ் பட்ராகஸ் என்னும் பெயரே இருந்தது. லின்னேயஸின் தவளைமீன் ஜாவாத் தீவுக்கு உரியது என்றும் இந்திய மீன் அதனின் வேறானது என்றும் 2008-இல் மீனியல் அறிஞர் இருவர் நிறுவினர். மாகுர் தன் பெயரைத் திரும்பப் பெற்றது; இன்று அது கிளாரியஸ் மாகுர்.

இது வெறும் ஏட்டுத் திருத்தம் அன்று. இரு மீன்கள் ஒரு பெயரில் இருக்கும்வரை ஒன்றன் குறைவை மற்றொன்றன் நிறைவு மறைத்துவிடும். தனிப்பெயர் கிடைத்த பின்னரே மாகுரை மட்டும் எண்ணிப் பார்க்க இயன்றது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது அழிவின் இடர் மிக்க உயிர்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டுள்ளது.

மாகுருக்கு வந்த இடர்களுள் ஒன்று, அதன் பெயரையே தாங்கிய வேறொரு மீன். வட இந்தியச் சந்தைகளில் ‘தாய் மாங்கூர்’ என்று ஒரு மீன் விற்கப்படுகிறது. பெயரைக் கேட்பவர் அதனைத் தாய்லாந்து நாட்டு மாகுர் என்றே கொள்வர். அதன் அறிவியற்பெயரோ கிளாரியஸ் கேரிபைனஸ். கேரிப் என்பது தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆற்றுக்கு அந்நிலத்துத் தொன்மக்கள் வழங்கிய பெயர். அவர்கள் மொழியில் அதற்கு ‘ஆறு’ என்பதே பொருள். ஆங்கிலேயப் பயணி பர்ச்செல், ஹாமில்டனின் நூல் வந்த அதே 1822-இல், அம்மீனுக்கு அப்பெயரை இட்டார். ஆற்றுவாளையின் பெயரில் இருப்பது எதுவோ அதுவே ஆப்பிரிக்க மொழியில் இங்கும் இருக்கிறது. கண்டதையெல்லாம் விழுங்கி விரைவாகப் பெருக்கும் இந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, குளத்திலிருந்து தப்பி ஆற்றில் புகுந்தால் உள்நாட்டு மீன்களை உண்டுவிடும். அதனால் இதனை வளர்ப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. சந்தைப்பெயர் இருமுறை பொய் சொல்கிறது: அது தாய்லாந்துக்கு உரியதும் அன்று, மாகுரும் அன்று.

உடலைச் சொல்லும் பெயர்கள்

எல்லாப் பெயர்களும் இவ்வளவு நீண்ட கதை உடையன அல்ல. மீனைப் பார்த்தவுடன் விளங்கும் பெயர்களும் உண்டு. நமது குளங்களில் உள்ள கோடுடைய சிறுகெளுத்திக்குப் பிளாக் இட்ட பெயர் ‘விட்டாட்டஸ்’, அதாவது பட்டைக்கோடு உடையது. அதுவும் தரங்கம்பாடியிலிருந்து சென்ற மீனே. நைல் ஆற்றில் வாழ்ந்து 350 வோல்ட் வரை மின்னதிர்ச்சி தரவல்ல கெளிற்றின் சிற்றினப் பெயர் ‘எலக்ட்ரிக்கஸ்’; இதற்கு உரை வேண்டியதில்லை.

காங்கோ ஆற்றுப்படுகையின் சிறுகெளிறு ஒன்று சற்று நின்று காணத் தக்கது. அதன் பெயரில் வரும் ‘நைக்ரிவென்ட்ரிஸ்’ என்னும் சொல்லுக்குக் கருவயிறு என்று பொருள். பொதுவாக மீன்களின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். மேலிருந்து நோக்கும் பறவைக்கும் கீழிருந்து நோக்கும் பகைமீனுக்கும் தெரியாமல் மறைய அந்நிறம் உதவும். இம்மீனுக்கு மட்டும் வயிறு ஏன் கருத்தது? அது மல்லாந்து நீந்துகிறது. வயிறே அதற்கு மேற்பக்கம். நிறத்தைக் குறித்த பெயர் நடத்தையையும் சொல்லிவிடுகிறது.

அரிஸ்டாட்டில் சொன்ன மீன்

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் ஏறத்தாழ 2,350 ஆண்டுகளுக்கு முன்பு ‘கிளானிஸ்’ என்னும் ஆற்றுமீனைப் பற்றி எழுதினார். பெண்மீன் முட்டையிட்டபின் நீங்கிவிடும். ஆண்மீனோ நாற்பது ஐம்பது நாள் அங்கேயே தங்கி, பிற மீன்கள் நெருங்காதவாறு குஞ்சுகளைக் காக்கும் என்பது அவர் கூற்று. பிற்காலத்து ஐரோப்பிய அறிஞர்க்குத் தெரிந்த பெருங்கெளிறு தன்யூப் முதலிய ஆறுகளில் வாழ்வது. லின்னேயஸ் கிரேக்கரின் பழம்பெயர்களை எடுத்து அதற்கே ‘சைலூரஸ் கிளானிஸ்’ என்று சூட்டிவிட்டார். அரிஸ்டாட்டில் சொன்ன நடத்தையை அம்மீனிடம் காணாதவர்கள், அவர் கேட்டதையெல்லாம் எழுதிவிட்டார் என்று ஒதுக்கினர்.

1850-களில் அமெரிக்காவில் இருந்த லூயி அகாசி என்னும் அறிஞர், கிரேக்கத்தின் அகெலோஸ் ஆற்றிலிருந்து வந்த கெளிற்று மீன்களை ஆராய்ந்தார். ஆண்கெளிறுகள் குஞ்சுகளைக் காப்பதை அமெரிக்காவில் அவர் முன்பே கண்டிருந்தார். கிரேக்கத்து மீன் தன்யூப் மீனின் வேறான தனிச் சிற்றினம் என்று அவருக்குப் புலனாயிற்று. அரிஸ்டாட்டில் பிழை செய்யவில்லை. அவர் சொன்ன மீனின் பெயரை வேறொரு மீனுக்குச் சூட்டியதே பிழை. ‘கிளானிஸ்’ என்பதைத் தன்யூப் மீனிடமிருந்து திரும்பப் பெற விதி இடம் தராது. ஆகவே கிரேக்க மீன் ‘சைலூரஸ் அரிஸ்டாட்டெலிஸ்’ ஆயிற்று. அரிஸ்டாட்டிலினுடைய சைலூரஸ் என்பது பொருள்.

இங்கு ஓர் இலக்கணச் செய்தி உண்டு. ஒருவரைச் சிறப்பித்து இடும் சிற்றினப் பெயரை இலத்தீனில் பெரும்பாலும் உடைமைப் பொருளில் அமைப்பர். தமிழில் அது ஆறாம் வேற்றுமை. ‘ஜானியை’ என்றால் ஜானுடையது. கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரில் வாழும் ‘கிரிப்டோகிளானிஸ் ஷாஜியை’ என்னும் மீன் 2011-இல் விவரிக்கப்பட்டது. அப்பெயர், மறைந்து வாழும் கிளானிஸ், ஷாஜி என்னும் மீனியலாருடையது என விரியும். அரிஸ்டாட்டிலின் ‘கிளானிஸ்’ கேரளத்துக் கிணறுவரை வந்துவிட்டது.

கிணற்றில் வந்த மீன்

கேரளத்தின் தரைக்கடியில் சிவந்த செம்பூரான் கல் பரந்து கிடக்கிறது. கடற்பஞ்சு போன்று துளைகள் மிக்க அக்கல்லில் நீர் தேங்கும். வீடுதோறும் உள்ள கிணறுகள் அந்நீரையே நம்பியுள்ளன. கல்லின் இருண்ட துளைகளுக்குள் சுண்டுவிரல் நீளமும் இல்லாத, கண்ணற்ற, நிறமி இன்மையால் குருதிச் சிவப்பாகத் தோன்றும் கெளிறுகள் வாழ்கின்றன. 1950-இல் மேனன் என்னும் மீனியலார், கோட்டயத்துக் கிணற்றிலிருந்து கிடைத்த அத்தகைய மீனை முதன்முதலாக விவரித்தார். இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் இயக்குநராக விளங்கிய சுந்தர் லால் ஹோராவைப் போற்றி அதன் பேரினத்தை ‘ஹோராகிளானிஸ்’ என்றார்.

இம்மீன்களைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. பாறைக்குள் வலை வீச முடியுமா? நீர் இறைக்கும்போதோ குழாயைத் திறக்கும்போதோ அவை தாமாக வெளிப்பட்டால்தான் உண்டு. எனவே கேரளத்து ஆய்வாளர்கள் பொதுமக்களிடம் செய்தி பரப்பினர். வாளியில் சிவந்த நூல்போல் ஏதேனும் நெளிந்தால் கொட்டிவிடவேண்டாம், தெரிவியுங்கள் என்றனர். ஆறு ஆண்டுகள் இவ்வாறு செய்திகளும் மீன்களும் வந்தன. அவற்றை ஆராய்ந்து, மரபணுக்களையும் ஒப்பிட்டபோது, அதுவரை அறியப்படாத சிற்றினம் ஒன்று இருப்பது தெரிந்தது. 2023-இல் அதனை விவரித்தவர்கள் எந்த அறிஞரின் பெயரையும் தேடவில்லை. இலத்தீனில் மக்களைக் குறிக்கும் ‘பாப்புலஸ்’ என்னும் சொல்லை எடுத்து ஆறாம் வேற்றுமையில் அமைத்தனர். ஹோராகிளானிஸ் பாப்புலி: மக்களுடைய மீன். இம்முறை வாளியில் மீனைக் கண்டவர்களும் பெயருக்குள் இருக்கிறார்கள்.

சொல்லும் பொருளும்

கடுத்தல் – எரிச்சலுடன் வலித்தல்
செவுள் – மீன் நீரில் மூச்சுவிட உதவும் உறுப்பு
நிறமி – உடலுக்கு நிறம் தரும் பொருள்
மல்லாந்து – முதுகு கீழாகவும் வயிறு மேலாகவும்

மதிப்பீடு

1. தேளி, சிங்கி ஆகிய பெயர்களின் காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.
2. ‘அட்டு’ என்னும் சிற்றினப் பெயரில் ஆகாரம் குறுகியது ஏன்?
3. ‘தாய் மாங்கூர்’ என்னும் பெயரிலுள்ள இரு பிழைகள் யாவை? சரியான செய்தியை எப்பெயர் தருகிறது?
4. பின்வருவனவற்றை இடுகுறி, காரணம் எனப் பிரிக்க: மீன், தேளி, கருவயிறு, ஆறு, கிணற்றுமீன்.
5. ‘மக்களுடைய மீன்’ என்பதை வேற்றுமைத் தொகையாக மாற்றி எழுதுக. இதுபோல் மேலும் மூன்று எடுத்துக்காட்டுகள் தருக.

செயல்பாடு

உங்கள் ஊர்ச் சந்தையில் விற்கப்படும் மீன் அல்லது காய் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விற்பவர் சொல்லும் பெயரை முதலில் எழுதுங்கள். பின்னர் வீட்டில் பாட்டியிடமோ தாத்தாவிடமோ, தொலைபேசியிலாவது, அதற்கு அவர்கள் ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். ளகர, ழகர, றகரங்களைப் பிழையின்றி எழுதுக. அப்பெயர் ஏன் வந்தது என்று அவர்கள் கூறும் காரணத்தையும் அவர்கள் சொற்களிலேயே குறித்து வருக.